குனிந்த தலையும் நோகும் கழுத்தும்

கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு நலவாழ்வுப் பாடம்



இம்மடலின் நலவாழ்வுப் பகுதியில் இம்முறை கழுத்துவலியைக் குறித்துப் படிக்கப்போகிறோம். கழுத்துவலி என்றதும் நம்மில் பலருக்கு முதியவர்களும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களும், தலையில் சுமை தூக்குகிறவர்களும் நினைவுக்கு வருவார்கள். இன்று பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளும் பிடரியைத் தடவிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எப்போது தாமதிக்கவே கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இப்பாடத்தை வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கலாம். வாலிபர் கூட்டத்திலும் பயன்படுத்தலாம். அதற்கு உதவியாகக் கடைசியில் சில கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம்.

ஏன் இந்தப் பாடம்?

புதுச்சேரி சிறிய ஊர்தான். ஆனால் கல்லூரிகள் நிறைந்த ஊர். 1961-இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி லாஸ்பேட்டையில் இருக்கிறது. பாரதிதாசன் அரசினர் மகளிர் கல்லூரி 1968-இல் தொடங்கியது. காலாப்பட்டில் 1985 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. இவை தவிர மருத்துவம், பொறியியல், செவிலியம் கற்பிக்கும் கல்லூரிகளும் உண்டு. வில்லியனூர், பாகூர், திருக்கனூர் பக்கத்திலிருந்தும், கடலூர், விழுப்புரத்திலிருந்தும் மாணவர் பலர் தினமும் பேருந்தில் வந்து போகிறார்கள். காலை நேரப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரும் குனிந்த தலை, கம்பியைப் பிடித்து நிற்பவரும் குனிந்த தலை.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கிய பிறகு இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது வகுப்பே செல்போனுக்குள் வந்துவிட்டது. கல்லூரிகள் மீண்டும் திறந்தன. ஆனாலும் பாடக்குறிப்பு வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, தேர்வு முடிவும் அதில்தான் தெரிகிறது, கட்டணமும் அதிலேயே செலுத்தப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதாகமத்தைக்கூடச் செல்போனில் திறக்கிற பிள்ளைகள் உண்டு. எனவே "போனைத் தூக்கி எறி" என்று சொல்வது எளிது. பிள்ளையால் அதைச் செய்ய முடியாது.

வலி என்று பிள்ளை சொன்னால் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. "எந்நேரமும் அந்தப் போனையே பாத்துக்கிட்டிருந்தா வேற என்ன ஆகும்?" என்று அதட்டிப் பேச்சை முடித்துவிடுவது ஒன்று. "எலும்பு தேய்ந்துவிட்டதாம், ஜவ்வு விலகிவிட்டதாம்" என்று பயந்துபோய்ப் படம் எடுக்கவும், பட்டை வாங்கவும் ஓடுவது மற்றொன்று. அதட்டலைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை வலியைச் சொல்லாமல் மறைக்கும். பயந்த பிள்ளை கழுத்தை அசைக்கவே அஞ்சும். இரண்டினாலும் வலி நீடிக்கும்.

கழுத்து எப்படி அமைந்திருக்கிறது?

நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் இருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்திலும் ஏழுதான்! மண்டை ஓடு முதல் எலும்பின் மேல் அமர்ந்திருக்கிறது. "ஆமாம்" என்று நாம் தலையசைப்பது பெரும்பாலும் அந்த மூட்டில். "இல்லை" என்று தலையாட்டுவது பெரும்பாலும் முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டில். இரண்டாம் எலும்பு முதல் கீழுள்ள எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. நாம் பேச்சுவழக்கில் ஜவ்வு என்பது இவற்றைத்தான். எலும்புகளின் நடுவே தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து இருபக்கமும் நரம்புகள் பிரிந்து தோளுக்கும் கைக்கும் விரல்களுக்கும் செல்கின்றன. கழுத்தில் தோன்றும் கோளாறு சில வேளைகளில் விரல் நுனியில் தெரிவது இதனால்தான்.

வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ எடை இருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றால் சிரமம் தெரியாது. அதே பையைக் கை நீட்டிப் பிடித்து நின்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் தோள் கடுக்கும். பையின் எடை கூடவில்லை. உடலை விட்டு விலகியதால் தசை அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. தலை குனியும்போது பிடரித் தசைகளுக்கும் இதுவே நேரிடுகிறது.

இருபத்தேழு கிலோ கணக்கு

செய்தித்தாள்களிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தலை குனியக் குனியக் கழுத்தின் மேல் மூட்டை மூட்டையாகச் சுமை ஏறுவது போன்ற படம் அது. அமெரிக்காவின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து அது வந்தது. தலை நேராக இருக்கையில் சுமார் 5 கிலோவாக இருக்கும் விசை, 15 பாகை குனிந்தால் சுமார் 12 கிலோ, 30 பாகையில் 18 கிலோ, 45 பாகையில் 22 கிலோ, 60 பாகையில் 27 கிலோ ஆகிறது என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கு கணினி மாதிரியைக் கொண்டு போடப்பட்டது. வலியுள்ளவர், வலியில்லாதவர் என்று மனிதரைச் சோதித்து எடுத்த முடிவு அல்ல. குனிந்தால் தசைக்கு வேலை அதிகம் என்பதை அது காட்டுகிறது. குனிந்தால் கழுத்து கெட்டுப்போகும் என்பதைக் காட்டவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து "என் கழுத்து இனி அவ்வளவுதான்" என்று பயந்திருக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லவேண்டும். தூக்கவும் குனியவும் திரும்பவும் ஏற்ற வலிமை கழுத்துக்கு உண்டு.

மாணவரை நேரடியாக ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன?

ஆஸ்திரேலியாவில் பதினேழு வயதுள்ள 1108 பேரின் கழுத்து நிலையை அளந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூன் விழுந்தாற்போல் உட்கார்ந்தவர்களுக்குக் கழுத்துவலியோ தலைவலியோ மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. ஆனால் மனச்சோர்வுக்கும் அவ்வாறு தளர்ந்து உட்காருவதற்கும் தொடர்பு காணப்பட்டது.

பிரேசில் நாட்டின் ரியோ நகரில் 18 முதல் 21 வயது வரையுள்ள 150 பேரை ஆராய்ந்து 2018-இல் எழுதினார்கள். செல்போன் பார்க்கும்போது அதிகமாகக் குனிகிறவர்களுக்கும் குறைவாகக் குனிகிறவர்களுக்கும் இடையே கழுத்துவலியில் வேறுபாடு தென்படவில்லை.

சுவீடனில் 20 முதல் 24 வயதுக்குள்ளான ஏழாயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கேட்டறிந்து, ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் கேட்டார்கள். அதன் முடிவு 2017-இல் வெளிவந்தது. செல்போனில் மிகுதியாகச் செய்தி எழுதியவர்களிடம் தொடக்கத்திலேயே கழுத்துவலியும் மேல்முதுகுவலியும் கூடுதலாக இருந்தன. ஏற்கெனவே வலி இருந்தவர்களில் அதிகம் எழுதியவர்களுக்கு அது நீடித்தது. ஆனால் வலியே இல்லாதிருந்தவர்களுக்குப் புதிதாகக் கழுத்துவலி வருவதோடு தெளிவான தொடர்பு காணப்படவில்லை. கையிலும் விரல்களிலும் புதிதாகத் தொல்லை வருவதோடு மட்டும் தொடர்பு இருந்தது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், குனியும் கோணத்தை மட்டும் குற்றம் சாட்டுவதற்கு இடமில்லை. செல்போனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் இடமில்லை. வலி வந்துவிட்ட கழுத்தை நீண்ட நேரச் செல்போன் பயன்பாடு ஆறவிடாமல் வைத்திருக்கலாம்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர்

இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713-இல் அதை விரிவாக்கியபோது, நாள் முழுவதும் உட்கார்ந்து கணக்கு எழுதும் எழுத்தர்களின் துன்பத்தையும் அதில் சேர்த்தார். அவர்களுடைய தொல்லைக்கு மூன்று காரணங்களைக் கண்டார். முதலாவது, எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருப்பது. இரண்டாவது, கை ஒரே விதமாக ஓயாமல் அசைவது. மூன்றாவது, பிழை வந்துவிடக்கூடாதே என்று மனம் ஓயாமல் இறுகியிருப்பது.

இறகுப் பேனா இருந்த இடத்தில் செல்போனை வைத்துப் பாருங்கள். மூன்றும் நம் கல்லூரிப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும். அசையாத உடல், ஓயாத கட்டைவிரல், ஓய்வில்லாத மனம்.

தசை சிறிதளவு இறுகி நெடுநேரம் அப்படியே நின்றால் அதற்குள் இரத்த ஓட்டம் குறைகிறது, தசை களைக்கிறது. எழுந்து நடந்தால், தோளைச் சுழற்றினால் இரத்தம் மீண்டும் பாய்கிறது. நம் தாய்மார்கள் குனிந்து கோலம் போடுகிறார்கள், குனிந்து காய் நறுக்குகிறார்கள். ஆனால் நடுவில் எழுகிறார்கள், நடக்கிறார்கள், திரும்புகிறார்கள். செல்போன் பார்க்கிறவருக்கு எழுந்திருக்கும் காரணமே வருவதில்லை. ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானாகத் தொடங்கிவிடுகிறது.

ஒரு மாணவியின் ஒரு நாள்

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புதுச்சேரிக்கு வந்து படிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். வீட்டில் மேசை நாற்காலி கிடையாது, மடிக்கணினி கிடையாது. அவளுடைய நூலகம், நோட்டுப்புத்தகம், அகராதி எல்லாம் உள்ளங்கையளவுத் திரைதான். பேருந்தில் படிக்கிறாள். மாலையில் தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, வீட்டுவேலை முடித்து, இரவு பத்து மணிக்குச் சுவரில் சாய்ந்து, முழங்காலில் செல்போனை வைத்துக்கொண்டு இருநூறு பக்கப் பாடக்குறிப்பைப் படிக்கிறாள். தேர்வில் தவறினால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவாரோ என்ற பயம் உள்ளே இருக்கிறது. பன்னிரண்டரை மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறாள்.

இவளுக்குக் கழுத்து வலித்தால் செல்போன்தான் காரணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியுமா? மேசை இல்லாமை, தூக்கம் இல்லாமை, நடமாட்டம் இல்லாமை, மனக்கவலை ஆகிய நான்கும் சேர்ந்து அந்தப் பிடரியில் உட்கார்ந்திருக்கின்றன. பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். அவளுக்குக் கிடைப்பதோ ஐந்து மணி நேரம். தூக்கம் குறைந்தால் அதே வலி பெரிதாகத் தெரியும். வலி கூடினால் தூக்கம் கெடும். ஆகையால் கழுத்துவலியோடு வரும் மாணவரிடம் "எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாய்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "நன்றாகத் தூங்குகிறாயா? எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்? மனதில் ஏதாவது பாரம் இருக்கிறதா?" என்றும் கேட்கவேண்டும்.

படம் எடுக்கவேண்டுமா?

2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 20 கோடிப் பேருக்குக் கழுத்துவலி இருந்தது. சாதாரணமாக வரும் கழுத்துவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிகிறது. ஆபத்தின் அடையாளம் எதுவும் இல்லாதபோது எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முதலியவை பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1211 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 87 பேருக்கும் மேலாக வட்டு சற்றே பிதுங்கியிருந்தது. இருபது வயதுகளில் இருந்த வாலிபர்களிலும் நூற்றுக்கு எழுபது பேருக்கும் மேலாக அப்படியே இருந்தது. அவர்களில் ஒருவருக்கும் வலி கிடையாது! ஆகவே, ஸ்கேன் அறிக்கையில் "வட்டு பிதுக்கம்" என்று இருப்பதைப் பார்த்தே ஒரு பிள்ளையை நோயாளியாக்கிவிடக்கூடாது. கூலி வேலை செய்யும் வீட்டார் பல ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி எடுக்கும் படம், சில வேளைகளில் பயத்தை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுவருகிறது. மருத்துவர் கையால் சோதித்து, வேண்டும் என்று சொன்னால் தயங்காமல் எடுங்கள்.

செய்யவேண்டியவை

1. நிலையை மாற்றுங்கள். அரைமணிக்கு ஒரு முறையாவது எழுந்து நில்லுங்கள். தண்ணீர் குடிக்கப் போங்கள். தோளை முன்னும் பின்னும் பத்து முறை சுழற்றுங்கள். எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அப்படியே மணிக்கணக்கில் இருந்தால் கழுத்து கடுக்கும்.

2. திரையை உயர்த்துங்கள். பேருந்தில் புத்தகப் பையை மடியில் வைத்து, முழங்கைகளை அதன்மேல் ஊன்றி, செல்போனை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். இரு கைகளாலும் பிடியுங்கள். நீண்ட செய்திகளைத் தட்டச்சு செய்யாமல் பேசி அனுப்புங்கள்.

3. நீண்ட பாடத்தைத் தாளில் படியுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு பிரதி எடுத்தால் செலவு குறையும். கல்லூரி நூலகத்தில் மேசை உண்டு. நகரில் 1827-இல் தோன்றிய ரோமன் ரோலண்ட் பொது நூலகமும் உண்டு.

4. மோவாயை உள்ளிழுக்கும் பயிற்சி. நேராக அமர்ந்து, பார்வையை நேரே வைத்து, மோவாயை மெதுவாகப் பின்னோக்கி இழுத்து, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி விடுங்கள். பத்து முறை செய்யுங்கள். பிறகு தலையை மெதுவாக வலமும் இடமும் திருப்புங்கள். அடுத்து இரு தோள்பட்டை எலும்புகளையும் முதுகின் நடுவே ஒன்றையொன்று தொடுவதுபோல் நெருக்கித் தளர்த்துங்கள். இலேசான இழுப்பு தெரியலாம். கூர்மையான வலி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

5. தசையை வலுவாக்குங்கள். டென்மார்க்கில் கழுத்திலும் தோளிலும் அடிக்கடி வலியுள்ள 198 பேரை வைத்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும். நீளும் ரப்பர் குழாயின் நடுப்பகுதியைக் காலால் மிதித்து, இரு முனைகளையும் கையில் பிடித்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்கும் பயிற்சி அது. நாளொன்றுக்கு இரண்டே நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், பத்து வாரம். இரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது. ரப்பர் குழாய் இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைக் கொண்டு தொடங்கலாம். பழகப் பழகப் பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

6. நடங்கள். நம் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களை விடுவதில்லை. காசில்லாமல் கிடைக்கும் மருந்து அது. நடக்கும்போது செல்போன் பையில் இருக்கட்டும்.

7. தூங்குங்கள். படுக்கைக்கு எட்டாத தூரத்தில் செல்போனை மின்னேற்ற வையுங்கள். காலையில் எழுப்பப் பழைய அலாரக் கடிகாரமே போதும்.

வலி இருக்கும் நாட்களில் வெதுவெதுப்பான ஒத்தடம் இதமளிக்கும். வலி சற்று இருந்தாலும் வழக்கமான வேலைகளைச் செய்யலாம், கல்லூரிக்குப் போகலாம். படுத்தே கிடப்பதால் கழுத்து மேலும் விறைக்கும்.

செய்யக்கூடாதவை

முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. சத்தம் வந்ததும் சுகமாக இருக்கும். ஆனால் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் கழுத்தெலும்புகளின் ஊடாகச் செல்கின்றன. திடீரென்று முறுக்குவதால் அக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். இது அரிதாகவே நேரிடுகிறது. நேரிட்டால் வாழ்நாள் முழுவதும் இழப்பு. "அண்ணே, கழுத்தை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். யூடியூபைப் பார்த்துத் தாங்களே முறித்துக்கொள்ளவும் வேண்டாம்.

கழுத்துப்பட்டையைச் சொந்தமாக வாங்கி மாதக்கணக்கில் அணிவது தசையைப் பலவீனப்படுத்தும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலிமாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் உண்டாகலாம். செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு வண்டி ஓட்டுவது கழுத்துக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து.

தாமதிக்கக்கூடாத அடையாளங்கள்

இந்தப் பகுதியை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். "எல்லாம் போனால் வந்ததுதான்" என்ற எண்ணத்தில் பெரிய நோயைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது. பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போகவேண்டும்.

அ. கை மரத்துப்போதல், பலம் குறைதல், கழுத்திலிருந்து கை வழியே மின்சாரம் பாய்வதுபோன்ற வலி.

ஆ. சட்டைப் பொத்தான் போட விரல்கள் ஒத்துழையாமை, நடையில் தள்ளாட்டம், சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமை. உடனே போகவேண்டும்.

இ. காய்ச்சல், கடும் தலைவலியோடு கழுத்து விறைத்து, மோவாயை மார்பில் தொட முடியாமை. மூளைச்சவ்வுக் காய்ச்சலாக இருக்கலாம். அந்த நேரமே போகவேண்டும்.

ஈ. வண்டியிலிருந்து விழுந்தபின் தோன்றிய கழுத்துவலி.

உ. இதுவரை இல்லாத கடும் கழுத்துவலியோடு தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டித்தல், முகமோ கையோ கோணுதல். உடனே போகவேண்டும்.

ஊ. வாரக்கணக்கில் நீடித்து, இரவில் கூடும் வலி. அதனுடன் மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல்.

கடைசியாகச் சொன்னதைக் குறித்து ஒரு வார்த்தை. காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை. முதுகெலும்பையும் தாக்கும், கழுத்தெலும்பையும் விட்டுவைக்காது. உலகக் காசநோயாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நம் நாட்டவர். விடுதியில் நெருக்கமாகத் தங்கியிருக்கும், சரியாகச் சாப்பிடாத மாணவருக்கும் அது வரலாம். மருந்தினால் குணமாகும் நோய் அது. அரசு அந்த மருந்தை இலவசமாகத் தருகிறது. ஆனால் தாமதித்தால் தண்டுவடம் நசுங்கிக் கைகால் செயலிழக்கக்கூடும். "போனைக் குறை" என்று சொல்லி மூன்று மாதம் கடத்திவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நாம் பெரும் தீங்கு செய்தவர்களாவோம்.

மருத்துவ வசதியில் நம் ஊர் பின்தங்கியதல்ல. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். அரசு மருத்துவமனைகளிலும் நோயாளியைப் பார்க்கிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம்.

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோரே, பிள்ளை வலி என்று சொல்லும்போது முதல் ஐந்து நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவுரை பிறகு வரட்டும். இரவில் எல்லாருடைய செல்போனும் ஒரே அலமாரியில் வைக்கப்படுமானால், அப்பாவின் செல்போனும் அங்கேயே இருக்கட்டும்.

சபைகளுக்கும் பங்குகளுக்கும் ஒரு யோசனை. நம் மண்டபங்கள் வார நாட்களில் மாலையில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. தேர்வு மாதங்களில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை அவற்றைத் திறந்து, நாலு மேசை, நாற்காலி, நல்ல விளக்கு, குடிதண்ணீர் வைத்தால், முழங்காலில் செல்போனை வைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பிடம் கிடைக்கும். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் வரட்டும். மணிக்கு ஒரு முறை எல்லாரும் எழுந்து ஐந்து நிமிடம் நடக்கும்படி ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டால் போதும். பிரதி எடுக்கும் இயந்திரம் ஒன்றை யாராவது கொடுத்து உதவினால் இன்னும் நல்லது.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. இன்று நீங்கள் ஒரே இடத்தில் அசையாமல் இருந்த மிக நீண்ட நேரம் எவ்வளவு?

2. உங்கள் வீட்டில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள்? விளக்கு, மேசை இருக்கின்றனவா?

3. ராமசினி கூறிய மூன்று காரணங்களில் உங்களுக்கு அதிகமாகப் பொருந்துவது எது?

4. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வெகுநாளாகக் கழுத்துவலியைச் சொல்லி வருகிறாரா? மேலே சொன்ன ஆறு அடையாளங்களை அவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா?

5. உங்கள் பகுதி மண்டபத்தைப் படிப்பிடமாகத் திறக்க யாரிடம் பேசவேண்டும்? எந்தக் கிழமையில் தொடங்கலாம்?

இந்த மடலை வாசித்து முடித்ததும் இரண்டு நிமிடம் எழுந்து நின்று தோளைச் சுழற்றுங்கள். பின்பு கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இதைக் கொடுங்கள்.